அழுக்கில்லாத டிரம்

வாஷிங் மெஷினைக் கண்டுபிடித்த புண்ணியவானைக் கூப்பிட்டு ஒரே ஒரு நாள் சின்னவளின் தொட்டியருகே உட்கார வைக்க வேண்டும். அதற்குப் பிறகு மனுஷன் கல்லில் அடித்துத்தான் துணி துவைப்பார். மூடியைத் திறந்து எட்டிப் பார்த்தால் நமக்குத் தெரிவதெல்லாம் பளிச்சென்ற உட்புறம். அந்த டிரம்முக்கு வெளிப்புறம் என்று ஒன்று இருக்கிறது. அது பிளாஸ்டிக் கூட்டுக்குள் ஒளிந்திருப்பதால் காசு கொடுத்து வாங்கினவர் கண்ணில் ஆயுசுக்கும் படாது. பத்து வருஷத்து சோப்பு, பத்து வருஷத்துத் தோல், பத்து வருஷத்து முடி எல்லாம் அங்கே விரல் கனத்துக்கு ஒட்டிக்கொண்டிருக்கும். தொட்டால் வழுக்கும். சுரண்டினால் சாம்பல் நிறத்தில் நீளமாக உரிந்து வரும். வாடை இருக்கிறதே, அது மூக்கோடு நிற்காமல் நேராக வயிற்றுக்குள் இறங்கிப் பிசையும்.

அந்தக் கண்ணராவியைச் சுரண்டுவதுதான் சின்னவளின் வேலை. அந்தக் குடும்பத்துக்கு இரண்டாவதாக வந்த மருமகள் என்பதால் அவள் சின்னவள். புருஷனின் அண்ணன் மூத்தார், அவர் மனைவி பெரியவள். சின்னவளின் புருஷன் மெஷின் ரிப்பேர் பார்ப்பவன். இனித் தேறாது என்று ஜனங்கள் தலைமுழுகிவிட்ட மெஷின்களை வாங்கி வந்து, பிரித்து, டிரம்மை மட்டும் தனியாக எடுப்பான். அவள் அதைத் தொட்டியில் போட்டுக் கழுவிக் கொடுப்பாள். அவன் அதற்கு மூன்று கால் வெல்டிங் வைத்து, வெளிப்பக்கம் சூடு தாங்கும் கறுப்புப் பெயிண்ட் அடிப்பான். அவ்வளவுதான், நெருப்புத் தொட்டி தயார். தோட்டம் வைத்திருக்கிறவர்கள் அதை வாங்கிப் போய் நடுவில் வைத்து விறகைப் போட்டுக் கொளுத்துவார்கள். ஓட்டைகள் வழியாக வெளிச்சம் பொட்டுப் பொட்டாக விழும். ஊரார் வீட்டு உள்பாவாடையும் ஜட்டியும் உருண்ட பாத்திரத்தைச் சுற்றி உட்கார்ந்துகொண்டு, என்ன அழகு என்ன அழகு என்பார்கள்.

அவளுக்கு இந்த வேலை பழகிவிட்டதா என்று யாராவது கேட்டால் கெட்ட கோபம் வரும். எதற்குப் பழக வேண்டும்? ஒவ்வொரு டிரம்மும் அவளுக்கு முதல் டிரம் மாதிரியே குமட்டியது. முந்தானையை மூக்கில் கட்டிக்கொள்வாள், வாய்க்குள் நாலு திட்டு திட்டுவாள், பெயிண்டர்கள் வைத்திருக்கும் தகட்டை எடுத்துச் சுரண்ட ஆரம்பிப்பாள். ஹேர்பின் வரும், சட்டைப் பொத்தான் வரும், ஒரு தடவை ஒரு முழுப் பல் வந்தது. அன்றைக்கு மத்தியானம் அவள் சாப்பிடவில்லை.

கழுவி முடித்தால் கடைசியாக ஒரு சோதனை உண்டு. டிரம் எல்லாம் ஒரே ரகம் இல்லை. எவர்சில்வர் டிரம் என்றால் பிரச்சினை இல்லை, எத்தனை நெருப்பு போட்டாலும் தாங்கும். சிலது வெறும் இரும்பு, மேலே துத்தநாகம் பூசியிருப்பார்கள். பார்க்க எவர்சில்வரை விட அதிகமாக மினுக்கும். அதில் நெருப்பைப் போட்டு ஊதினால் பூச்சு மஞ்சளாகி, வெள்ளைப் பஞ்சாகப் பிரிந்து, புகையோடு கிளம்பும். போன வருஷம் அவள் புருஷன் அப்படி ஒன்றைக் கொல்லையில் வைத்துக் கொளுத்திப் பார்த்தான். வாய் ஏனோ இனிக்கிறது என்றான். ராத்திரி உடம்பு தூக்கித் தூக்கிப் போட்டது, மூன்று போர்வை போதவில்லை, நெஞ்சைப் பிடித்துக்கொண்டு இரண்டு நாள் இருமினான். பழைய இரும்புக்கடைக்காரர்தான் வந்து பார்த்துவிட்டு, "துத்தநாகப் புகைய இழுத்திருக்கான். ஆம்பளை, தாங்கிட்டான். நெஞ்சு பலமில்லாதவங்க இழுத்தா ஆஸ்பத்திரிதான்" என்றார்.

அன்றிலிருந்து, கழுவின டிரம்மின் அடியில் குச்சி நுனியால் ஒரு சொட்டு ஆசிட் வைப்பாள், கக்கூஸ் கழுவுகிற அதே ஆசிட். சும்மா இருந்தால் நல்ல டிரம். புஸ்ஸென்று நுரைத்தால் துத்தநாகம், நேராக இரும்புக்கடைக்கு. அழுக்கு எடுத்து முடிந்ததும் ஆசிட் சொட்டு. வரிசை அது. இதுவரை ஒன்றுகூடத் தப்பியதில்லை.

பெரியவளுக்கு இந்தத் தொழிலைக் கண்டாலே ஆகாது. தொழிலைக் கண்டு என்ன, தொழில் செய்கிறவளைக் கண்டே ஆகாது. சின்னவள் அந்த வீட்டுக்குப் போனால் சோபாவில் உட்காரச் சொல்ல மாட்டாள், வராந்தாவில் பிளாஸ்டிக் நாற்காலி வரும். காபி பேப்பர் கப்பில் வரும், மற்றவர்களுக்கெல்லாம் பீங்கானில். பேசும்போது இரண்டு விரல் தானாக மூக்குக்குப் போகும். இத்தனைக்கும் இரண்டு வருஷத்துக்கு முன்னால் அதே பெரியவளின் மெஷினைப் பிரித்துக் கழுவியது சின்னவள்தான். இத்தனை வருஷத்தில் அவள் வாயில் கைவைத்துக்கொண்டு வெளியே ஓடிய மெஷின் அது ஒன்றுதான். வாசனைத் தைலம் பூசிக்கொண்டு நடக்கிற மகராசியின் அழுக்கு அப்படி நாறியது. அதை அவள் யாரிடமும் சொல்லவில்லை. சொல்லியிருக்கலாம் என்று அவ்வப்போது தோன்றும்.

அந்த வீட்டில் அவளைக் கண்டு மூக்கைப் பொத்தாத ஒரே ஜீவன் வாலு. பெரியவளின் மகள், ஆறு வயது, சேட்டை தாங்காமல் வைத்த பெயர். மூச்சு இளைப்பு உண்டு, மருந்து உறிஞ்சும் குழாய் எப்போதும் பாவாடைப் பையில் இருக்கும். சின்னவளுக்குப் பிள்ளை இல்லை. அந்தப் பிள்ளைக்கு என்ன தெரியுமோ, சித்தி வந்தால் நேராக வந்து மடியில் ஏறிக்கொள்ளும்.

"இன்னிக்கு டிரம்ல என்ன கெடச்சுது சித்தி?"

"நாலு பொத்தான், ஒரு ஹேர்பின்."

"அவ்ளோதானா?" என்று உதட்டைப் பிதுக்கிவிட்டு அவள் உள்ளங்கையை எடுத்து முகர்ந்து பார்க்கும். "சோப்பு வாசனை" என்று தீர்ப்பு சொல்லும். பிளாஸ்டிக் நாற்காலியையும் பேப்பர் கப்பையும் சின்னவள் பொறுத்துக்கொண்டது இந்த ஒரு மடிபாரத்துக்காகத்தான்.

இப்படி இருக்கையில் மூத்தாருக்குப் பதவி உயர்வு வந்தது. ஆபீஸ்காரர்களை வீட்டுக்கு அழைத்துத் தோட்டத்தில் விருந்து வைக்க வேண்டும், நடுவில் நெருப்புத் தொட்டி இருந்தால் எடுப்பாக இருக்கும் என்று யாரோ சொல்லிவிட்டார்கள். மூத்தார் தம்பிக்கு போன் போட்டார். இத்தனை வருஷத்தில் தம்பியின் தொழிலை மதித்து அவர் ஒன்று கேட்டது அதுதான் முதல் தடவை. புருஷன் இரண்டு நாள் கால் தரையில் பாவாமல் திரிந்தான். அன்றைக்கு அவர் பேசி முடித்ததுமே பெரியவளும் போனை வாங்கியிருந்தாள்.

"எங்களுக்குத் தர்றது சுத்தமானதா இருக்கணும். கழுவினதுன்னு சொல்லாதீங்க. அழுக்கே படாததா வேணும். நெனச்சாலே எனக்கு வாந்தி வருது" என்றாள்.

சின்னவள் அப்போது இடுப்புப் பிடித்துக்கொண்டு படுக்கையில் இருந்தாள். அழுக்கே படாத டிரம்முக்கு இவள் வானத்தில் ஆர்டர் கொடுக்கட்டும் என்று சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டாள். விருந்துக்கு முதல் நாள்தான் எழுந்து நடமாடினாள். அதற்குள் புருஷன் தொட்டியைச் செய்து, பெயிண்ட் காய்ந்து, அண்ணன் வீட்டில் இறக்கியும் விட்டிருந்தான்.

விருந்தன்று வெயில் இறங்கின நேரத்துக்கு இருவரும் போனார்கள். புல்தரையில் பத்துப் பன்னிரண்டு நாற்காலிகள், ஆபீஸ்காரர்களும் அவர்கள் மனைவிமாரும். நடுவில் தொட்டி. கரி போட்டுப் பற்றவைத்து, மேலே கம்பி வலை வைத்து, கோழித் துண்டுகளையும் சோளக் கதிர்களையும் அடுக்கியிருந்தார்கள். மூத்தார் கையில் ஒரு மின்சார ஊதி. அதைத் தொட்டியின் ஓட்டைக்கு நேரே பிடித்து, கரி வெள்ளையாகக் கனலும்வரை ஊதிக்கொண்டிருந்தார்.

"என் தம்பி செஞ்சது. கையில தொழில் இருக்கு பயலுக்கு" என்று எல்லாருக்கும் கேட்கும்படி சொன்னார். பயல் முகத்தைப் பார்க்க வேண்டுமே. நாற்பது வயது ஆம்பளை பள்ளிக்கூடத்தில் பரிசு வாங்கினவன் போல் நின்றான்.

சின்னவளுக்கு வழக்கம்போல் ஓரமாகப் பிளாஸ்டிக் நாற்காலி. வாலு ஓடி வந்து மடியில் ஏறினாள். "சித்தி, எனக்கு ரெண்டு கோழி. அப்பா முதல்ல எனக்குத்தான் தருவாரு" என்றாள்.

சின்னவள் தொட்டியைப் பார்த்தாள். விளிம்பின் உட்புறம் மஞ்சளாக இருந்தது. பார்த்துக்கொண்டிருக்கும்போதே அதிலிருந்து பஞ்சு மாதிரி வெள்ளையாக ஏதோ பிரிந்து, புகையோடு மேலே போய், கோழியின் மேல் மெதுவாக இறங்கியது. ஒரு ஆபீஸ்காரரின் மனைவி அதைக் கையில் பிடித்துச் சிரித்தாள்.

சின்னவள் குழந்தையை இறக்கி, "நீ இங்கயே இரு, அங்க போகாத" என்று சொல்லிவிட்டு எழுந்து புருஷனிடம் போனாள்.

"இது எந்த டிரம்முங்க?"

"தையல்கடை அம்மா வீட்டு டிரையர். துணி காயப்போடுற மெஷின். தொவச்ச துணிதானே அதுக்குள்ள போகும், உள்ளயும் வெளியயும் ஒரு பொட்டு அழுக்கு இல்ல. அண்ணி கேட்ட மாதிரியே. நீ கழுவுற தொட்டிக்கே வரல" என்றான் பெருமையாக.

"ஆசிட் வெச்சுப் பாத்தீங்களா?"

"கழுவவே வேணாங்கும்போது..." என்று ஆரம்பித்தவன் நிறுத்திக்கொண்டான்.

அழுக்கு இருந்தால் அவள் தொட்டிக்கு வரும், தொட்டிக்கு வந்தால் சொட்டு விழும். அழுக்கில்லாத டிரம் ஒன்று வரும் என்று இருவரில் யாருமே நினைத்திருக்கவில்லை.

"தண்ணிய ஊத்துங்க" என்றாள்.

"இப்பவா? எல்லார் முன்னாடியுமா? இன்னிக்குத்தான் அண்ணன் வாயத் தொறந்து என்னைப் பத்தி நல்லதா ஒண்ணு சொல்லியிருக்காரு. கொஞ்ச நேரம் சும்மா இரு. தானா அணைஞ்சிடும்."

போன வருஷம் மூன்று போர்வைக்குள் நடுங்கினவன் பேசுகிற பேச்சு இது. அவளுக்கு அவனை அந்த நிமிஷம் பார்க்கவே அருவருப்பாக இருந்தது. மூத்தாரிடமே போனாள்.

"மாமா, இது துத்தநாகம் பூசின டிரம். தெரியாம வந்திருச்சு. இந்தப் புகை நெஞ்சுக்கு ஆகாது. அந்தக் கோழியும் வேணாம். தண்ணி ஊத்தி அணைச்சிடலாம்."

மூத்தார் ஊதியை நிறுத்தவில்லை. "துத்தநாகம் மாத்திரையாவே விக்குதும்மா. டாக்டரே எழுதித் தர்றாரு. காத்தாடத் தோட்டத்துல ஒரு நாள் புகைக்கு ஒண்ணும் ஆகாது" என்றார். ஆபீஸ்காரர்கள் சிரித்தார்கள். அதில் ஒருவர் தன் வீட்டுத் தண்ணீர் வாளிகூடத் துத்தநாகம் பூசியதுதான் என்று விளக்கம் வேறு சொன்னார்.

"வாலுவுக்கு இளைப்பு இருக்கு மாமா."

பெரியவள் தட்டு அடுக்கிக்கொண்டே திரும்பினாள். "என் பொண்ணு உடம்பு எனக்குத் தெரியாதா? நல்லது ஒண்ணு நடக்கும்போதுதான் உனக்கு இதெல்லாம் ஞாபகம் வருமா? போய் உக்காரு" என்றாள்.

சின்னவள் நின்றாள். பொறாமை என்று பெரியவள் சொல்லாமல் சொல்லிவிட்டாள். சரி, தின்னட்டும், தின்று ராத்திரி கிடுகிடுவென்று நடுங்கட்டும், மூக்கைப் பொத்துகிற அந்த இரண்டு விரலும் உதறட்டும் என்று ஒரு நினைப்பு வந்தது. வந்தது மட்டுமில்லை, இனிக்கவும் செய்தது. சீ, நான் சுரண்டுகிற சாக்கடை தேவலை என்று தன்னையே நினைத்துக்கொண்டாள்.

அதற்குள் மூத்தார் முதல் துண்டை எடுத்துத் தட்டில் வைத்து, "வாலு எங்கே? என் தங்கத்துக்கு முதல் துண்டு" என்றார். பிளாஸ்டிக் நாற்காலியிலிருந்து குதித்து அது ஓடி வந்தது. நேராகப் புகைக்குள். தட்டை வாங்கிக்கொண்டு, சூடு தாங்காமல் துண்டை ஊதி ஊதி இரண்டு கையாலும் மாற்றிப் பிடித்தது. இரண்டு தடவை இருமியது. மற்றவர்களும் தட்டை நீட்டினார்கள். இரண்டு பேர் வாங்கி மெல்லவும் ஆரம்பித்துவிட்டார்கள்.

விஷம் என்று கத்தினால் மாத்திரைக் கதை சொல்வார்கள். இந்த மனிதர்கள் எதைக் கேட்டால் பதறுவார்கள் என்று சின்னவளுக்குத் தெரியும். எட்டு வருஷமாகப் பேப்பர் கப்பில் காபி குடித்துக் கற்றுக்கொண்ட பாடம்.

"அது ஆஸ்பத்திரி டிரம்" என்றாள்.

சத்தமாகச் சொல்லவில்லை. ஆனால் எல்லாருக்கும் கேட்டது.

"சொல்லக்கூடாதுன்னு இருந்தேன். ஆஸ்பத்திரில சலவை பண்ற மெஷின். கட்டில் விரிப்பு, புண்ணுல கட்டுன துணி, ஆபரேஷன் துணி, எல்லாம் அதுல தொவச்சதுதான். நான்தான் சுரண்டினேன். சீழ் ஒட்டின பஞ்சு கட்டி கட்டியா வந்துச்சு. நகம் வந்துச்சு. கறுப்பா ஒரு தோல் ஓட்டைகள்ள எல்லாம் செருகியிருந்துச்சு, எவ்ளோ குத்தியும் முழுசா வரல. இப்ப பறக்குதே வெள்ளையா, அது என்னன்னு நெனச்சீங்க?"

எங்கிருந்து வந்ததோ அத்தனையும். எட்டு வருஷம் விரலால் தொட்டதையெல்லாம் அவள் வாய் எடுத்துக் கொடுத்தது. பஞ்சைப் பிடித்துச் சிரித்தவள் கையை உதறிக்கொண்டே எழுந்தாள். மென்றுகொண்டிருந்தவர் அப்படியே புல்லில் துப்பினார். அவர் மனைவி செடியோரம் குனிந்து ஓங்கரித்தாள். பெரியவள் பாய்ந்து வந்து மகள் கையிலிருந்த துண்டைத் தட்டிவிட்டு, வாய்க்குள் விரலை விட்டுத் துழாவினாள்.

"முழுங்கினியா? சொல்லு, முழுங்கினியா?"

"இல்லம்மா, ஊதிக்கிட்டுதான் இருந்தேன்" என்று வாலு அழுதாள்.

மூத்தார் ஊதியைக் கீழே போட்டுவிட்டுத் தம்பியின் சட்டையைப் பிடித்தார். "ஆஸ்பத்திரிப் பீயைக் கொண்டுவந்து என் வீட்டு நடுவுல வெச்சியாடா?"

புருஷன் சின்னவளைப் பார்த்தான். கடைக்கு வந்ததிலேயே சுத்தமான டிரம் அது என்பது அந்தத் தோட்டத்தில் இரண்டே பேருக்குத் தெரியும். ஒரு வார்த்தை சொன்னால் அவன் தப்பிப்பான். அவன் நாக்கால் உதட்டைத் தடவினான், முகம் மாறியது, ஓரமாகத் துப்பினான். போன வருஷத்து அந்த இனிப்பு ருசி அவனுக்கு ஞாபகம் வந்துவிட்டது.

"ஆமாண்ணா. தப்பு எங்க மேலதான்" என்றான்.

பிறகு குழாயடிக்குப் போய் வாளியில் தண்ணீர் பிடித்து வந்து, கோழி, சோளம், கரி எல்லாவற்றின் மேலும் சேர்த்து ஊற்றினான். யாரும் தடுக்கவில்லை. ஆபீஸ்காரர்கள் ஒவ்வொருவராகக் கிளம்பினார்கள். கிளம்பும்போது சின்னவள் நின்ற பக்கத்தைச் சுற்றிக்கொண்டு போனார்கள்.

பெரியவள் மகளைக் குழாயடியில் நிறுத்திச் சோப்புப் போட்டுத் தேய்த்துக்கொண்டிருந்தாள். கை, வாய், கழுத்து, திரும்பக் கை. பிள்ளை விக்கி விக்கி அழுதது. சின்னவளுக்கு அந்த விக்கலுக்கு நடுவில் மூச்சு எப்படிப் போகிறது என்று மட்டும் தெரிய வேண்டியிருந்தது. பக்கத்தில் போய்க் குனிந்து, நெஞ்சில் கை வைத்துப் பார்க்கலாம் என்று கையை நீட்டினாள்.

வாலு அம்மாவின் புடவைக்குப் பின்னால் போய்விட்டாள். அங்கிருந்து எட்டிப் பார்த்தாள். இரண்டு விரலால் மூக்கைப் பிடித்துக்கொண்டு, "தொடாதீங்க சித்தி" என்றாள்.

மூக்கைப் பிடித்ததால் வாயால் மூச்சு விட்டாள். சின்னவள் கையை மடக்கிக்கொண்டு, தள்ளியே நின்று, அந்த மூச்சைக் கேட்டாள். இளைப்பு இல்லை. அதன் பிறகு செருப்பை மாட்டிக்கொண்டாள்.